முள்முருங்கை ஊர்

கேள்வி: 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த சீனத் துறைமுகத்தைச் சிலர் குவான்சோ என்கிறார்கள், சிலர் குவாங்சோ என்கிறார்கள், மார்க்கோ போலோ போன ஜைதூன் அதுதான் என்றும் படித்தேன். மூன்றும் ஒரே ஊரா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: இல்லைம்மா. குவாங்சோ வேறு ஊர், வெள்ளைக்காரர்கள் கேன்டன் என்று சொன்னது அதைத்தான். சிவன் கோயில் எழுப்பிச் சம்பந்தப் பெருமாள் கல்வெட்டு வைத்த ஊர் ஃபுஜியன் மாகாணத்துக் கடற்கரையில் இருக்கிறது. குழப்பமெல்லாம் எழுத்தால் வந்தது. சீனச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதச் சீன அரசு 1958-இல் ஏற்ற பின்யின் முறையில் அந்த ஊர்ப்பெயர் ‘கியூ’ எழுத்தில் தொடங்கும், ஆனால் அது ஆங்கிலக் கியூ இல்லை, ‘பச்சை’யில் வருகிற ச்ச ஒலியை மூச்சோடு தள்ளிச் சொன்னால் எப்படி இருக்குமோ கிட்டத்தட்ட அது. பழைய வேட்-ஜைல்ஸ் முறையில் ‘சிஎச்’ போட்டு, மூச்சுக்கு ஒரு சிறு குறியும் போட்டார்கள், அச்சில் அந்தக் குறி அடிக்கடி விட்டுப்போகும். ஆக, பெயர் ஏறக்குறைய ச்சுவென்ஜோ. நாம் ஆங்கில எழுத்தைப் பார்த்துக் ‘குவான்’ என்று படித்துவிட்டோம், பக்கத்து மாகாணத்துக் குவாங்சோவோடு அது கலந்துவிட்டது. சுவென் என்றால் நீரூற்று, ஜோ என்பது பழைய ஆட்சிப் பிரிவு.

சரி, ஜைதூன்? இதைத்தான் நான் ஆசையாகச் சொல்ல வந்தேன். நகரைச் சுற்றி நட்டிருந்த ஒரு மரத்தால் அந்த ஊருக்குச் ‘சிதோங்’ என்று இன்னொரு பெயர் உண்டு. அரபு வணிகர்கள் அதைத் தங்கள் மொழியில் ஆலிவைக் குறிக்கும் ஜைதூன் ஆக்கிக்கொண்டார்கள். அங்கே ஆலிவே கிடையாது என்று மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதாவே எழுதிவைத்திருக்கிறார். சிதோங்கில் ‘சி’ என்பது முள். அது என்ன மரம் தெரியுமா? நம் வேலியோரத்தில் செக்கச்செவேல் என்று பூக்கிற, சளி பிடித்தால் இலையை அரைத்து அடை சுட்டுக் கொடுக்கிறோமே, அதே கல்யாண முருங்கை! நாமும் அதை முள்முருங்கை என்கிறோம், அவர்கள் பெயரிலும் முள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள் அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இனி எழுதும்போது ச்சுவென்ஜோ என்றே எழுதுங்கள். சொல்லின் முதலில் மெய்யெழுத்து வராது என்று யாராவது மறித்தால் சுவென்ஜோ போதும், ‘குவான்’ மட்டும் வேண்டாம்.