பழைய தமிழ்ப் பட போஸ்டர் எழுத்து மாதிரியே ஃபான்ட் எங்கே கிடைக்கும்?

கிடைக்காது என்றுதான் சொல்வேன். "மாதிரி" நாலைந்து கிடைக்கும். எதைப் போட்டாலும் கடைசியில் ஃபிளெக்ஸ் பேனர் களைதான் வரும்.

என் பெரியப்பா கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் போர்டு எழுதியவர். போன வருடம் என் கடைக்குப் பழைய பாணியில் ஒரு போர்டு டிசைன் செய்து அவரிடம் காட்டினேன். பெயரில் மூன்று 'ல' வரும். "ஏம்ப்பா, மூணு 'ல'வும் ஒரே அச்சா இருக்கே?" என்றார். விஷயமே அதுதான்.

கையால் வரைந்த டைட்டிலில் ஒரே எழுத்து இரண்டு தடவை வந்தாலும் இரண்டும் ஒன்றாக இருக்காது. 'ண' மூன்று பேர் இடத்தை அடைத்து உட்காரும், 'ர' ஒல்லி. அதனால் ஆர்ட்டிஸ்ட் முதலில் பெயர் வளைவாகவா சரிவாகவா என்று முடிவு செய்துவிட்டு, அதற்குள் எழுத்துகளை நெருக்கியும் இழுத்தும் நிரப்புவார். மேல்விலங்கு, அதாவது 'கி'யில் மேலே வளையும் கொக்கி, பக்கத்து எழுத்துக்குக் குடை பிடிக்கும். புள்ளி நட்சத்திரமாகும்.

அப்புறம் பழைய வரிவடிவம். 1978-இல் தமிழக அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்பதற்கு முன், ணை, லை, ளை, னை நான்குக்கும் 'ை' குறிக்குப் பதில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு உண்டு. ணா, றா, னா மூன்றுக்கும் தனியாகக் கால் கிடையாது, எழுத்தே சுழித்துக்கொள்ளும். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' பெயரிலேயே இரண்டு 'னா'. வளைத்து விளையாட அந்தக் காலத்துக் கைக்கு எவ்வளவு இடம்! இன்று சாதாரண ஃபான்டில் தட்டினால் அந்தச் சுழி வராது.

எழுத்தைச் சுற்றியுள்ள தடித்த கருப்புக் கோடு அழகுக்கு மட்டுமல்ல. ஒவ்வொரு நிறமாக அச்சேற்றும்போது தாள் ஒரு நூல் விலகினாலும் நிறம் பிசகித் தெரியும். கோடு அதை மூடிவிடும். கணினியில் பிசகே இல்லாததால் இதை மெல்லிசாகப் போட்டுவிடுகிறார்கள், முகமே மாறிவிடுகிறது.

ஃபான்ட் போட்டே தீருவேன் என்றால் "தினசரி 3 காட்சிகள்" மாதிரி வரிகளுக்குப் போடுங்கள். அவை அன்றைக்கும் அச்சகத்தில் கோத்த எழுத்துதான். டைட்டிலுக்கு ட்ரேஸிங் பேப்பரும் பென்சிலும் போதும். என் போர்டை அப்படித்தான் பெரியப்பா திரும்ப வரைந்தார். கை கொஞ்சம் நடுங்கியிருந்தது. ஸ்கேன் செய்தபோது நான் அதைத் திருத்தவில்லை.