நாலு மணிப் பசியும் நாளைக்குத் தள்ளிய வேலையும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றியவை, மீதி வீட்டு வேலை நகராமல் நிற்பதைப் பற்றியவை. தனித்தனியாகப் பிரித்துப் பதில் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க, இரண்டிலும் சிக்கல் ஒன்றாகவே தெரிந்தது. என்ன, எப்போது, யார் என்பது முன்கூட்டியே முடிவாகாத விஷயங்கள்தான் வேலையைவிட அதிகமாக ஆளைக் களைக்க வைக்கின்றன. அதனால் கலந்தே தருகிறேன்.

கேள்வி: ஏழு வயது மகன் பள்ளி விட்டு வந்ததும் பிஸ்கட் கேட்டு அடம் பிடிக்கிறான். கொடுத்தால் இரவுச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. கொடுக்காவிட்டால் வீடு ரணகளமாகிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: அவனுக்குப் பசிக்கிறது, அவ்வளவுதான். மதியம் சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். சின்ன வயிறு, ஓடியாடும் உடம்பு. அந்த நேரத்தில் அவனுக்கு ஒரு குட்டிச் சாப்பாடே தேவைப்படுகிறது. ‘நொறுக்குத்தீனி’ என்று நினைத்துத் தள்ளிப்போட்டால், பசி முற்றிய பிறகு கைக்கு எட்டுவது பிஸ்கட் டப்பாதான்.

பிஸ்கட்டில் மாவும் சர்க்கரையும்தான் பிரதானம். சட்டென்று செரித்துவிடும், பசி அடங்கிய மாதிரி இருந்து மறுபடி கிளம்பும். அதனால் மாலைத் தட்டில் இரண்டு வகை இருக்கட்டும். ஒன்று பழமோ மாவுப் பண்டமோ, இன்னொன்று புரதமோ கொழுப்போ உள்ளது. வாழைப்பழமும் வேர்க்கடலை வெண்ணெயும், ரொட்டித் துண்டும் அவித்த முட்டையும், தயிரில் நறுக்கிப் போட்ட பழம், அவித்த கொண்டைக்கடலையோடு ஒரு ஆரஞ்சு. ஆரஞ்சில் உள்ள வைட்டமின் சி, கடலையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். தினமும் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. திங்களுக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று என்று ஐந்து நாளுக்கு எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த வாரமும் அதே பட்டியல் ஓடலாம், பிள்ளைகள் குறை சொல்ல மாட்டார்கள். சலிப்பது நமக்குத்தான்.

நேரம் இன்னும் முக்கியம். இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் முன்பே மாலைத் தீனி முடிந்துவிட வேண்டும். அப்புறம் தண்ணீர் மட்டும். உணவியல் நிபுணர் எலின் சாட்டர் பல வருடங்களாகச் சொல்லிவரும் ஒரு வேலைப் பங்கீடு இருக்கிறது: என்ன சாப்பாடு, எப்போது, எங்கே உட்கார்ந்து என்பது பெற்றோர் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளை பொறுப்பு. நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழ். என்ன வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்போம், எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று நாம் அதட்டுவோம்.

பிஸ்கட்டை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன். பூட்டி வைத்த பண்டத்தின் மேல்தான் பிள்ளைகளுக்குக் கண் போகும். ஃபிஷர், பர்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் சிறு பிள்ளைகளிடம் பார்த்ததும் இதுதான்: கண்ணில் படும்படி வைத்துவிட்டுத் தடுத்த தின்பண்டத்தைப் பற்றியே பிள்ளைகள் பேசினார்கள், கிடைத்தபோது அதையே எடுத்தார்கள். வாரத்தில் ஓரிரு நாள் அந்த மாலைத் தட்டிலேயே, முட்டைக்குப் பக்கத்தில், இரண்டு பிஸ்கட் வையுங்கள். பரிசாகவும் வேண்டாம், தண்டனையாகவும் வேண்டாம். பாக்கெட் மட்டும் மேசைக்கு வரக் கூடாது.

ஒரு சின்னக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். லேபிளில் சர்க்கரை எத்தனை கிராம் என்று இருக்கிறதோ அதை 4-ஆல் வகுத்தால் தேக்கரண்டிக் கணக்கு வந்துவிடும். சேர்த்த சர்க்கரை, தேன், பழச்சாற்றுச் சர்க்கரை எல்லாம் சேர்ந்து நாள் முழுக்கக் கிடைக்கும் சக்தியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. 1,500 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு 10 சதவீதம் என்றால் சுமார் 37 கிராம், அதாவது ஒன்பது தேக்கரண்டி. ஒரு பாட்டில் இனிப்புப் பானம் இதில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

கேள்வி: இரண்டரை வயது மகளுக்கு முந்திரி, பாதாம், திராட்சை சத்து என்று கொடுக்கிறேன். சரிதானே?

பதில்: சத்து சரி, வடிவம்தான் ஆபத்து. முழுப் பருப்பு வகைகளை ஐந்து வயது வரை கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். பொடித்துக் கஞ்சியில் கலக்கலாம், விழுதாக அரைத்து மெல்லியதாக ரொட்டியில் தடவலாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வகுந்து கொடுங்கள். குறுக்கே வெட்டினால் அது வட்டமாகவே இருக்கும், மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும். பாப்கார்ன் நான்கு வயதுக்கு முன் வேண்டாம். ஓடிக்கொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ தின்பதும் வேண்டாம். வீட்டில் ஒரு வயது ஆகாத குழந்தை இருந்தால் தேன் ஒரு துளிகூடக் கூடாது, அது வேறு காரணம்: அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவைச் சமாளிக்கும் அளவுக்கு அந்தக் குடல் இன்னும் வளர்ந்திருக்காது.

கேள்வி: காய் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இரண்டு முறை கொடுத்துப் பார்த்தேன், விட்டுவிட்டேன்.

பதில்: இரண்டு முறை போதாது. ஒரு புது ருசியைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து, சமயத்தில் பதினைந்து முறைகூடப் பார்க்க வேண்டியிருக்கும். பட்டாணி அளவு ஒரு துண்டு, பிடித்த சாப்பாட்டுக்குப் பக்கத்தில். தொட்டுப் பார்த்து வைத்துவிட்டால் அதுவும் ஒரு முறைதான். ‘காயைத் தின்றால் ஐஸ்கிரீம்’ என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். ஐஸ்கிரீம் உசத்தி, காய் ஒரு தண்டனை என்று நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும்.

கேள்வி: துணி மடிப்பது, நிரப்ப வேண்டிய ஒரு விண்ணப்பம், பல் மருத்துவரிடம் நேரம் வாங்குவது எல்லாமே ‘நாளைக்கு, நாளைக்கு’ என்று தள்ளிக்கொண்டே போகிறது. போனை எடுத்தால் ஒரு மணி நேரம் காணாமல் போகிறது. நான் சோம்பேறியா?

பதில்: மூன்று வேளையும் சமைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பிவிட்டு இதைக் கேட்கிறீர்கள். சோம்பேறிக்கு இந்தக் கேள்வியே வராது.

தள்ளிப்போடுவதைப் பற்றி நீண்ட காலமாக ஆராய்ந்த ஃபூஷா சிரோயிஸ், டிமோத்தி பிக்கில் இருவரும் 2013-இல் எழுதிய கட்டுரையின் சாரம், இது நேரத்தைத் திட்டமிடத் தெரியாத கோளாறு இல்லை என்பதே. ஒரு வேலையை நினைத்ததும் மனதில் ஏதோ உறுத்துகிறது. அந்த உறுத்தலிலிருந்து இப்போதைக்குத் தப்பிக்க வேலையை ஒத்திப்போடுகிறோம். அந்த நொடி நிம்மதி. பாரம் முழுவதும் நாளைய நம் தலையில்.

ஆகவே ‘எப்படி நேரம் ஒதுக்குவது’ என்று கேட்பதற்கு முன், ஒவ்வொரு வேலையிலும் என்ன உறுத்துகிறது என்று பாருங்கள். உங்கள் மூன்று வேலைகளும் மூன்று ரகம்.

விண்ணப்பத்தில் இருப்பது பயம். தப்பாக எழுதிவிடுவோமோ, ஏதோ ஒரு சான்றிதழ் இல்லையோ என்ற தயக்கம். இன்றைக்கு அதை நிரப்பவே வேண்டாம். மேசையில் விரித்து வைத்து, எந்த இடத்தில் பேனா நிற்கும் என்று மட்டும் பாருங்கள். அநேகமாக ஒரே ஒரு கட்டத்தில்தான் நிற்கும், ஏதோ ஒரு எண்ணோ நகலோ கையில் இருக்காது. அந்த ஒன்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி விண்ணப்பத்தோடு குத்தி வையுங்கள். இனி உங்கள் வேலை ‘விண்ணப்பம் நிரப்புவது’ இல்லை, ‘அந்த நகலைத் தேடி எடுப்பது’. இது செய்யக்கூடிய அளவு வேலை.

துணி மடிப்பதில் இருப்பது சலிப்பு. முடித்தாலும் நாளைக்கு மறுபடி குவியும் என்று தெரியும். இதற்கு மன உறுதியைத் தேடாதீர்கள். பிடித்த பாட்டு, கதை, தோழியோடு அரட்டை எதுவானாலும் துணி மடிக்கும்போது மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்கலாம் என்று விறுவிறுப்பான ஒலிக்கதைகளைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2014-இல் வந்தது. தொடக்க வாரங்களில் ஆட்கள் கூடுதலாக வந்தார்கள், பிறகு வேகம் குறைந்தது. அதனால் கதை சலித்ததும் மாற்றுங்கள். கூடவே கொஞ்சம் துணியை மடிக்கும் கணக்கிலிருந்தே கழித்துவிடுங்கள். உள்ளாடை, காலுறை, வீட்டில் போடும் பனியன் எல்லாவற்றையும் மடிக்காமல் ஆளுக்கொரு கூடையில் போட்டால் என்ன குடி முழுகிவிடும்?

மருத்துவருக்குப் போன் செய்வதில் பெரிய உறுத்தல் ஒன்றும் இல்லை, அதற்கென்று ஒரு நேரம் இல்லை, அவ்வளவுதான். இதற்கு உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் சொன்ன வழி நன்றாக வேலை செய்யும்: ‘இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்று தினமும் தானாக நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிடுவது. ‘நாளைக்குப் பேசுகிறேன்’ என்றால் நடக்காது. ‘பிள்ளையை விட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும், தோளில் கிடக்கும் பையை இறக்குவதற்கு முன் அந்த எண்ணை அழுத்துவேன்’ என்று சொல்லிக்கொண்டால் நடக்க வாய்ப்பு அதிகம். எண்ணை இன்று இரவே சேமித்து வையுங்கள். காலையில் எண்ணைத் தேடப் போனை எடுத்தால் எங்கே போய் நிற்பீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

போன் விஷயத்தில் அறிவுரை எடுபடாது, தூரம்தான் எடுபடும். வேலை நேரத்தில் அது அடுத்த அறையில் இருக்கட்டும், மணி அடித்தால் கேட்கும்.

இன்னொன்று. நேற்று செய்யாததற்கு இன்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்ட மாணவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள் என்று 2010-இல் பிக்கிலும் அவரோடு ஆராய்ந்தவர்களும் கண்டார்கள். காரணம் எளிது. திட்டத் திட்ட அந்த வேலையின் மேல் உறுத்தல் கூடும், உறுத்தலிலிருந்துதானே ஓடுகிறோம்?

கேள்வி: குழந்தைக்கு மூன்று மாதம். எதையும் தொடங்கத் தோன்றவில்லை. வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது. காரணம் இல்லாமல் அழுகை வருகிறது. சுறுசுறுப்பாக ஏதாவது வழி சொல்லுங்கள்.

பதில்: சுறுசுறுப்புக்கு வழி சொல்ல மாட்டேன். மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே. பிரசவம் ஆன சில நாட்களில் வரும் அழுகையும் மனக்குழப்பமும் பொதுவாக இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். மூன்று மாதமாகியும் இருக்கிறது என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூட இப்படி ஆளை முடக்கும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் அன்றைக்கே, அப்போதே, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். தனியாக இருக்க வேண்டாம். வீடு எப்படிக் கிடந்தால் என்ன, கிடக்கட்டும்.

கேள்வி: ‘சொன்னால் செய்யப்போகிறேன், சொல்ல வேண்டியதுதானே’ என்கிறார் கணவர். சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டது.

பதில்: அலுப்பு சொல்வதில்தான் இருக்கிறது. சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வேலைக்குள் மறைந்திருக்கும் மூளை வேலையை நான்காகப் பிரித்தார்: வரப்போவதை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவு செய்வது, நடந்ததா என்று கண்காணிப்பது. அவர் பேட்டி கண்ட தம்பதிகளில் முடிவெடுப்பதில் இருவரும் பங்கெடுத்தார்கள். முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் மனைவி தலையில்தான்.

எனவே வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காதீர்கள். ஒன்றை முழுதாகக் கொடுங்கள். ‘மாலைத் தீனி உங்களுடையது’ என்றால், தீர்ந்துபோனதைக் கவனிப்பது, வாங்குவது, வெட்டுவது, தட்டைக் கழுவுவது வரை அவருடையது. நடுவில் ‘பழம் வாங்கினீர்களா’ என்று நீங்கள் கேட்டால் கண்காணிப்பு மறுபடி உங்களிடம் வந்துவிடும். ஒரு நாள் மறப்பார், பிள்ளை வெறும் ரொட்டி தின்னும். தின்னட்டும்.

கேள்வி: பொம்மை வாங்கி வாங்கி வீடு நிறைந்துவிட்டது. ஆனாலும் எதிலும் ஐந்து நிமிடம் உட்கார மாட்டேன் என்கிறான்.

பதில்: நிறைந்ததால்தான். 2018-இல் வந்த ஒரு சிறு ஆய்வில் 16 பொம்மைகளோடு விட்டபோது இருந்ததைவிட, 4 பொம்மைகளோடு விட்டபோது குழந்தைகள் ஒவ்வொன்றிலும் அதிக நேரம் விளையாடினார்கள், விதவிதமாகவும் விளையாடினார்கள். நான்கைந்தை வெளியே வைத்து மற்றதைப் பெட்டியில் போட்டுக் கண்ணுக்கு மறைவாக வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றினால் பழையதே புதிதாகிவிடும். அள்ளி வைக்கும் வேலையும் உங்களுக்குக் குறையும்.

கேள்வி: வேலைக்குப் போகிறேன். விடுமுறை நாளில் மொத்தமாகச் சமைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் எத்தனை நாள் தாங்கும்?

பதில்: சமைத்தது மூன்று நான்கு நாள். சோறு மட்டும் ஒரு நாள். அரிசியில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் வித்து வேகவைத்தாலும் சாகாது, வெளியே வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகிவிடும். மற்றதையும் அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும், அகலமான சின்ன டப்பாக்களில் பிரித்துவிட வேண்டும். ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே, ஃப்ரீசர் மைனஸ் 18. வாரக் கடைசிக்கானதை முதல் நாளே ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். சூடாக்கும்போது ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரு முறைதான் சூடாக்க வேண்டும். மிஞ்சியதைத் திருப்பி உள்ளே வைக்காதீர்கள். டப்பாவில் தேதி எழுதி ஒட்டுங்கள். மூடியில் ஒட்டாமல் டப்பாவின் பக்கத்தில் ஒட்டுங்கள், கழுவி அடுக்கும்போது மூடிகள்தான் இடம் மாறும்.