ஓபராவைக் கேலி செய்த ஓபரா பக்தர்கள்

கேள்வி: நியூயார்க்கில் ஆண்களே பெண் வேடமிட்டு, பெரிய ஓபராக்களை (மேலைநாட்டு இசை நாடகங்களை) கேலியாக நடித்துக் காட்டிய ஒரு குழு இருந்ததாகப் படித்தேன். வேடத்தைப் பார்த்துச் சிரிப்பதைத் தவிர, அதில் இசை என்று ஏதேனும் உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாங்கள் படித்தது, ஐரா சிஃப் என்ற பாடகர் 1981-இல் தொடங்கிய ‘லா கிரான் ஷேனா’ குழுவைப் பற்றியதாகத்தான் இருக்கவேண்டும். வேடம் தரும் சிரிப்பு, திரை விலகிய சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். அதன்பின் இத்தாலிய இசையமைப்பாளர்களான வெர்டியும் புச்சினியும் பெண் குரலுக்கென்று எழுதிய ஸ்தாயியிலேயே, ஓர் ஆண் தன் பொய்க்குரலை உயர்த்தி, சுருதி பிசகாமல் பாடியாக வேண்டும். பாட வராதவர் செய்தால் அது வெறும் கோமாளித்தனமாகிவிடும்.

இவர்கள் கேலி செய்தது பெண்களை அன்று, ‘பிரைமா டோனா’ எனப்படும் தலைமைப் பாடகியரின் பந்தாவை என்பதே என் கருத்து. சிஃப் ஏற்ற மேடம் வெரா கலூப்பே-போர்ஷ்க் என்ற பாத்திரம், ஆண்டுதோறும் ‘பிரியாவிடைக் கச்சேரி’ நடத்திக்கொண்டே இருந்தது. (விடைபெற்றவர்கள் மீண்டும் மேடையேறுவது எந்த ஊருக்கும் புதிதல்லவே!)

இத்தகைய கேலிக்கு ஓபராவே தாராளமாக இடம் தருகிறது. வெர்டியின் ‘லா திராவியாத்தா’ 1853-இல் வெனிஸ் நகரின் லா ஃபெனிச்சே அரங்கில் முதன்முதலாக மேடையேறியபோது, காசநோயால் உருகிச் சாகவேண்டிய நாயகி வயலெட்டாவாகப் பாடியவர், நல்ல உடற்கட்டு வாய்ந்த ஃபானி சால்வினி-தொனாதெல்லி. உருக்கமான கடைசி அங்கத்தில் அவையோர் நகைத்தனர் என்பது பலரும் எழுதியுள்ள செய்தி. கேலி செய்ய எவரும் முனையாமலே நேர்ந்த கேலி அது. நுரையீரல் அழிந்துகொண்டிருக்கும் ஒருத்தி முழுக் குரலில் பாடிச் சாகிறாள் என்ற மரபை நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். வேடமிட்ட ஆண் அதையே இம்மியளவு மிகைப்படுத்தும்போது அந்த மரபு முழுவதும் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது.

இந்த உத்தியும் புதிதன்று. தொனிசெத்தி என்ற இத்தாலிய இசையமைப்பாளர் 1827-இல் நேப்பிள்ஸ் நகருக்காக இயற்றிய நகைச்சுவை ஓபரா ஒன்றில், ஒரு சிற்றூர்க் குழுவின் ஒத்திகைக்குள் புகுந்து, தன் மகளுக்கு இன்னும் பாட்டு வேண்டும் என்று வம்பு செய்யும் அம்மா அகதாவாகப் பாடுபவர், கனத்த குரலுடைய ஓர் ஆண்.

சிஃப் பின்னாளில் நியூயார்க்கின் பெரிய ஓபரா நிறுவனமான மெட்ரோபொலிட்டன் ஓபராவின் வானொலி ஒலிபரப்புகளுக்கே வர்ணனையாளரானார். அவர் குழுவினர் மியூனிக் நகரில் நடத்திய நிகழ்ச்சியின் காணொளிப் பதிவு உண்டு. அதைத் தேடுவதற்கு முன், ‘திராவியாத்தா’வின் கடைசி அங்கத்தை நல்ல பாடகி ஒருவர் குரலில் கேட்டுவிடுங்கள், இல்லையேல் பொய்முடியும் கவுனும் மட்டுமே தங்கள் கண்ணில் படும்.