இருபதாம் தேதிக்குள் தீரும் சம்பளம்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு தனியார் ஆலையில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 24,000 ரூபாய் வருகிறது. அறை வாடகை 5,000, ஊரில் அம்மாவுக்கு 7,000, வண்டித் தவணை 3,200. மீதி எங்கே போகிறதென்றே தெரியவில்லை. இருபதாம் தேதி ஆனால் நண்பர்களிடம் கைமாற்று வாங்குகிறேன். தேவைக்கு 50, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20 விழுக்காடு என்ற விதிப்படி பட்ஜெட் போட்டேன், ஒரு வாரம்கூட நிற்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்த 50-30-20 விதி, 2005இல் அமெரிக்காவில் எலிசபெத் வாரனும் அவர் மகளும் எழுதிய நூலால் பரவியது. உங்களுக்கு வாடகை, அம்மா, தவணை மூன்றுக்குமே 63 விழுக்காடு போய்விடுகிறது, அதற்குமேல்தான் சாப்பாடு. பொருந்தாத சட்டை அது. கழற்றி வைத்துவிடுங்கள், அதனால் உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை.

உங்கள் கையில் இருப்பது 8,800 ரூபாய். முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம், எழுத மட்டும் செய்யுங்கள். யூபிஐயில் செலுத்தியதெல்லாம் வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கும். ரொக்கமாகக் கொடுத்ததை அன்றிரவே குறித்துவிடுங்கள். சாப்பாடு, வண்டி, மற்றவை என்று மூன்று தலைப்புகள் போதும். இருபது தலைப்பு வைப்பவர்கள் பத்தாம் நாள் நோட்டை மூடிவிடுகிறார்கள்.

தொடக்கக்காரர்களின் பட்ஜெட்டை உடைப்பது பெரும்பாலும் டீயும் பஜ்ஜியும் அல்ல, மாதாமாதம் வராத செலவுகள். வைகாசியிலும் ஆவணியிலும் அடுத்தடுத்து முகூர்த்தம் வரும், மொய் எழுதாமல் இருக்க முடியாது. தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டும், அம்மாவுக்குப் புடவை எடுக்க வேண்டும். வண்டிக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நாள் வரும். இவை ஒவ்வொன்றும் முன்கூட்டியே தெரிந்தவை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் திடீர்ச் செலவு என்றே சொல்லிக்கொள்கிறோம். உத்தேசமாகத் தீபாவளிக்கு 6,000, பொங்கலுக்கு 3,000, மொய்க்கு 3,000, வண்டி இன்சூரன்ஸுக்கும் சர்வீஸுக்கும் 3,000 என்று வையுங்கள். மொத்தம் 15,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,250. யார் யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பது உங்கள் வீட்டு மொய் நோட்டிலேயே இருக்கும். அம்மாவிடம் கேட்டு உங்கள் எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இந்த 1,250ஐச் சம்பளம் வந்த வாரமே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம். யூபிஐயில் இணைக்காத கணக்காக இருக்கட்டும். மாதாமாதம் கட்டும் அஞ்சலகத்தின் ஐந்தாண்டுத் தொடர் வைப்பு (ஆர்.டி.) நல்ல திட்டம்தான், ஆனால் இதற்கு ஆகாது. மூன்றாண்டு ஆகாமல் அதை மூட முடியாது, தீபாவளியோ வருடாவருடம் வருகிறது.

இப்போது மிஞ்சுவது 7,550. நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 ரூபாய். மூன்று வேளைச் சாப்பாடு, பெட்ரோல், போன் ரீசார்ஜ் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இறுக்கம்தான், தம்பி. இருபதாம் தேதி பணம் தீர்வதை உங்கள் ஊதாரித்தனம் என்று நான் நினைக்கவில்லை. அறைத் தோழர்களோடு சேர்ந்து இரவுச் சமையலை மட்டுமாவது தொடங்குங்கள். மாதத்தில் பெரிதாக மிச்சமாகும் இடம் அதுதான். ஒரு மாதக் கணக்கு கையில் வந்ததும் அதை அம்மாவிடம் காட்டுங்கள். அவருக்கு அனுப்புவதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கைமாற்று வாங்கித்தான் மாதத்தை ஓட்டுகிறீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

வண்டித் தவணை என்று முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. முடியும் மாதத்தை நோட்டின் முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள். அதற்கு அடுத்த மாதமும் அதே தேதியில் அதே 3,200 வெளியே போகட்டும், இம்முறை உங்கள் அஞ்சலகக் கணக்குக்கு.