கேட்டால் மனசில் ஏறிவிடுமா?

ஐயா,

திருவாரூர் பக்கம் விவசாயம் பார்க்கிறேன். அக்கா மகள் பிளஸ் டூ. அரையாண்டு மார்க் வந்ததிலிருந்து ஆளே மாறிவிட்டாள். சோற்றைப் பாதியில் வைத்து எழுந்துவிடுகிறாள், ராத்திரி தூக்கமில்லை. யாரையும் தொடவிடாத கலர் பென்சில் பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். "நான் இல்லேன்னா அம்மாவுக்கு ஒரு செலவு மிச்சம் மாமா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அக்காவோ, "வயசு அப்படி. நீ எதையாவது கேட்டு அவ மனசுல ஏத்திவிட்றாதே" என்கிறார். கேட்பதா, விடுவதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கேளுங்கள், இன்றே. கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இது மற்றவர்களுக்காக, உங்கள் சம்மதத்துடன், சில அடையாளங்களை மாற்றி.

நம் பேச்சில் சாவு ரொம்ப மலிவு. வெயிலில் சாகிறோம், சிரித்துச் சாகிறோம், "உன்னால நான் செத்துத்தான் போகணும்" என்று பிள்ளையைத் திட்டாத அம்மா குறைவு. கேட்டுக் கேட்டு நம் காது மரத்துவிட்டது. ஆனால் உங்கள் மருமகள் சொன்னதில் அந்தச் சொல்லே இல்லை, கவனித்தீர்களா? 'மிச்சம்' என்கிறாள். இந்த வயதுப் பிள்ளைகள் 'பாரம்', 'தொல்லை', 'நிம்மதி' என்றுதான் பேசுவார்கள். தான் வீட்டுக்குச் சுமை என்ற கணக்கு உள்ளே ஓடுகிறது. கூடவே தூக்கம் போய், சாப்பாடு போய், ஆசையாக வைத்திருந்த பொருளும் கைமாறினால், அதை வயசுக் கோளாறு என்று தள்ள எனக்குத் துணிவில்லை. இத்தனைக்கும் பிறகு திடீரென்று தெளிந்துவிட்டாலும் அசந்துவிடாதீர்கள்.

அக்காவின் பயம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், நியூயார்க் மாநிலத்தில் ஆறு பள்ளிகளின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளில் ஒரு பாதியிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேராகக் கேட்டார்கள், மறுபாதியிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு அந்த எண்ணம் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குத் தவிப்பு சற்றுக் குறைந்தே இருந்தது.

கூடத்தில் எல்லோரையும் கூட்டி வைத்து விசாரணை வேண்டாம். வண்டியில் பின்னால் உட்காரவைத்து எங்காவது கூட்டிப்போங்கள். முகம் பார்க்காமல் பேசுவது இந்த வயதுக்குச் சுலபம். சுற்றி வளைக்காமல், "செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?" என்றே கேளுங்கள். தாய்மாமனுக்கு அந்த உரிமை உண்டு. ஆமாம் என்றால் "அம்மாவை நினைச்சுப் பாத்தியா?" என்று கேட்டுவிடாதீர்கள். அம்மாவை நினைத்துத்தானே அந்த 'மிச்சம்' வந்தது! யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள். அவள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ராத்திரியானால் 14416 (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்) அல்லது 104 (அரசு மருத்துவ உதவி எண்). தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986இலிருந்து இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050. கையை மீறும்போல் இருந்தால் 108.

நீங்கள் விவசாயி என்பதால் இன்னொன்று. பயிருக்கு அடிக்கும் மருந்தும் வீட்டு மாத்திரைகளும் இன்றைக்கே வீட்டை விட்டுப் போகட்டும். இந்த எண்ணம் அலைபோல எழுந்து தணிவது. உச்சத்தில் இருக்கும் கொஞ்ச நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தால் பல உயிர்கள் தப்பிவிடுகின்றன. காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பெட்டி பெட்டியாகப் பூட்டி வைக்கும் முறையைச் சிநேகா நடத்திப் பார்த்தது. விவசாயிகள் தாமாகவே கொண்டுவந்து வைத்தார்கள்.

போலீஸ், கேஸ் என்று அக்கா பயந்தால், எண்ணம் வருவது என்றைக்கும் குற்றமில்லை. முயன்றவரைக்கூட நோகடிக்காமல் சிகிச்சை தரச் சொல்கிறது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம். அரையாண்டு மார்க் பேச்சை இப்போதைக்கு வீட்டில் யாரும் எடுக்க வேண்டாம். பொதுத்தேர்வில் தவறினாலும் அதே வருஷம் துணைத்தேர்வு இருக்கிறது. அதையும் அவளாகக் கேட்டால் சொல்லுங்கள், போதும்.

கேட்டதும் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள். எந்நேரமானாலும் பரவாயில்லை.