மதிய இடைவேளையில் மூன்று இடங்கள்

கேள்வி: சென்ற டிசம்பரில் எங்கள் துறையின் மூன்று நாள் மாநாடு கொல்கத்தா நியூ டவுனில் நடந்தது. திங்கட்கிழமை மதிய இடைவேளையில், வெவ்வேறு கிளைகளில் பணிபுரியும் நண்பர்கள் நால்வர் வாடகைக் கார் பிடித்து விக்டோரியா நினைவகம், இந்திய அருங்காட்சியகம், ஹவுரா பாலம் மூன்றையும் பார்த்துத் திரும்பினோம். 'அலுவலகச் செலவில் சுற்றுலா வந்தவர்கள்' என்று மேலதிகாரி எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டார். இடைவேளையில் ஊரைப் பார்ப்பது குற்றமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: இடைவேளையில் பார்ப்பது குற்றமே இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் இடைவேளை எது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நியூ டவுனிலிருந்து விக்டோரியா நினைவகம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். பகல் நெரிசலில் போய்ச் சேரவே முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். அங்கிருந்து அருங்காட்சியகம், பிறகு ஹவுரா, ஹவுராவிலிருந்து மறுபடி நியூ டவுன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், கல்யாணப் பந்திகூட அவ்வளவு நேரம் நடப்பதில்லை. பிற்பகல் அமர்வுகளில் ஒன்றிரண்டையாவது விழுங்கிவிட்டுத்தான் நீங்கள் திரும்பியிருக்க முடியும். அதைக் கேள்வியில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். எல்லோர் முன்னிலும் சொன்னது அவருடைய பண்புக்குறை. சொன்ன விஷயத்தில் அவரைக் குறை கூற எனக்கு வழி தெரியவில்லை.

என் வருத்தம் வேறு. இவ்வளவுக்குப் பிறகும் நீங்கள் கொல்கத்தாவைப் பார்க்கவில்லை. போன நாள் திங்கட்கிழமை என்கிறீர்கள். விக்டோரியா நினைவகத்தின் காட்சிக்கூடங்களும் சரி, 1814இல் தொடங்கப்பட்ட இந்திய அருங்காட்சியகமும் சரி, திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். ஆக, மக்ரானா பளிங்கில் எழும்பி 1921இல் திறக்கப்பட்ட கட்டடத்தைத் தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தீர்கள். ஆசியாவின் மிகப் பழைய அருங்காட்சியகங்களில் ஒன்றின் பூட்டிய வாசலைப் பார்த்தீர்கள். ஹவுரா பாலத்தைக் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தீர்கள். கைபேசியில் மூன்று படங்கள் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

மாநாட்டுக்குப் போகிறவருக்கு ஓர் ஊர் கிடைப்பது அதிகாலையில்தான். அதிலும் கொல்கத்தாவில் நம் பக்கத்தைவிட முன்னதாகவே விடிகிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கே இருட்டவும் தொடங்கிவிடும். நால்வரும் 5 மணிக்கு எழுந்து வண்டி பிடித்திருந்தால், தெருக்கள் காலியாக இருக்கும் அந்த வேளையில், விடிவதற்குள் ஹவுரா பாலத்தின் அடியில் உள்ள மல்லிக் காட் பூச்சந்தையில் நின்றிருக்கலாம். நாம் முழம் போட்டு அளக்கும் பூவை அங்கே தேர்வடம் போன்ற பருமனில் செண்டுமல்லிச் சரங்களாகக் கட்டி, கட்டுக்கட்டாகத் தலையிலும் தோளிலும் சுமந்துகொண்டு ஓடுகிறார்கள். வழியில் நின்று படம் எடுப்பவரை அவர்கள் பொருட்படுத்துவதில்லை, இடித்துக்கொண்டே போவார்கள். நனைந்த தரை, மிதிபட்ட இதழ்கள், இரண்டடி தள்ளிப் படித்துறையில் குளித்துக்கொண்டிருக்கும் மனிதர்கள் என்று அத்தனையும் ஒரே இடத்தில். மண் குவளையில் ஒரு டீ குடித்துவிட்டுப் பாலத்தின் மேலேறி நடந்திருந்தால், 26,500 டன் எஃகைத் திருகாணி ஒன்றுகூட இல்லாமல் வெறும் கடாவாணிகளாலேயே (ரிவெட்) இணைத்திருப்பது கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்திருக்கும். இந்த எஃகையும் அரித்துத் தின்றது எது தெரியுமா? போகிற வருகிறவர்கள் துப்பிய பான், குட்கா எச்சில். தூண்களின் அடிப்பகுதிக்குக் கண்ணாடியிழை உறை போட்டுக் காக்க வேண்டிய நிலை வந்தது. பாலத்தைக் கடந்து, மறுகரையில் சில ரூபாய்க்குப் படகுச் சீட்டு வாங்கி ஹூக்ளி ஆற்றின் மேல் திரும்பி, 8 மணிக்கெல்லாம் விடுதிக்கு வந்து குளித்துவிட்டு முதல் அமர்வில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். யார் என்ன சொல்லியிருக்க முடியும்?

மாலையும் உங்களுடையதுதான். நியூ டவுனுக்குப் பக்கத்தில் உள்ள சால்ட் லேக் செக்டர் 5 நிலையத்தில் மெட்ரோ ஏறினால் ஏறத்தாழ 20 நிமிடத்தில் சியால்தா. அங்கிருந்து கல்லூரித் தெருவுக்கு நடந்தே போய், பழைய புத்தகக் கடைகளைக் கடந்து மாடியேறினால் காபி ஹவுஸ். தலைப்பாகை கட்டிய பணியாளர்கள், உயரமான கூரை, மேசைக்கு மேசை உரத்த பேச்சு. காபி நம் டிகாக்ஷன் நாக்குக்குச் சற்று ஏமாற்றம்தான். அங்கே காபிக்காக யாரும் போவதில்லை. நான்கு கிளைகளிலிருந்து வந்த நண்பர்கள், பகலில் கேட்ட உரைகளில் எது தேறும், எது தேறாது என்று விளம்பரப் பதாகை இல்லாத ஓர் இடத்தில் உட்கார்ந்து பேச அதைவிட நல்ல மேசை கிடைக்காது. ஆனால் அதற்கு முதலில் அந்த உரைகளைக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த மாநாடு எந்த ஊரில் என்று நீங்கள் எழுதவில்லை. எங்கே நடந்தாலும், முதல் நாள் இரவே அந்த ஊரின் காலைச் சந்தை எது, எந்தக் கிழமையில் எது மூடியிருக்கும் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, உங்கள் மேலதிகாரியின் அறைக் கதவைத் தட்டி, "சார், காலை 5 மணிக்குக் கிளம்புகிறோம், நீங்களும் வருகிறீர்களா?" என்று கேளுங்கள். என்ன பதில் சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.