முதல் பகுதியைத் தாண்டிப் போங்கள்

மனக்கலக்கமில்லாமல் வாழச் சொல்லித்தரும் பழைய கிரேக்க, ரோமச் சிந்தனையான ஸ்டோயிக் தத்துவம் படிக்கலாமென்று மார்க்கஸ் அரேலியஸின் 'தியானங்கள்' வாங்கி, முதல் பகுதியின் பெயர்ப் பட்டியலிலேயே நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பலரும் அங்கேதான் நிற்பார்கள். தாத்தா, அம்மா, ஆசிரியர்கள் என யாரிடம் என்ன கற்றோம் என்று அவர் போட்டுப் பார்த்த கணக்கு அது. ரோமப் பேரரசர், ஆனால் கிரேக்கத்தில் தனக்காக எழுதிக்கொண்ட குறிப்புகள். அதனால்தான் ஒழுங்கு இருக்காது, சொன்னதையே திரும்பச் சொல்வார்.

நேராக இரண்டாம் பகுதிக்குப் போங்கள். இன்றைக்கு நன்றி கெட்டவன், திமிர் பிடித்தவன், பொறாமைக்காரன் எல்லாரையும் பார்க்க வேண்டியிருக்கும் என்று விடியும்போதே தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறார். ஆபீஸ் போகிற யாருக்கும் இது புரியும்.

தத்துவத்தின் அடிப்படையே வேண்டுமென்றால் எபிக்டெட்டஸின் 'கையேடு'தான் சரி. அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். அவர் எதுவும் எழுதவில்லை. மாணவர் அர்ரியன் தொகுத்தது. நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்பதில்தான் தொடக்கம். நடப்பவை அல்ல, அவற்றைப் பற்றிய நம் எண்ணங்களே நம்மைக் கலங்கடிக்கின்றன என்பதும் அதில்தான் வருகிறது. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தன் உளச்சிகிச்சை முறைக்கு இதிலிருந்துதான் பிடிமானம் எடுத்தார். மொத்தம் 53 குட்டி அத்தியாயங்கள், ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

அப்புறம் இன்னொரு ஸ்டோயிக்கான ரோமர் செனகாவின் 124 கடிதங்கள். எங்கே பிரித்தாலும் படிக்கலாம். பேரரசர் நீரோவின் அரண்மனையில் பெரும் பணக்காரராக இருந்துகொண்டே எளிமை பேசினாரே என்ற உறுத்தல் எனக்கு உண்டு. ஆனாலும் மூன்று பேரில் நன்றாக எழுதத் தெரிந்தவர் அவர்தான்.